அறுநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் கட்டுரையின் முதல் பெயரை என் பக்கம் தள்ளிவிட்டாய், பஸ்ஸில் யாருக்கோ எழுந்து இடம் கொடுக்கிற பெரிய மனுஷன் மாதிரி, அந்தச் சிரிப்போடு. பதினைந்து வருஷமாக அந்தச் சிரிப்பை நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், பதவி உயர்வுக் குழுவுக்கு வெளியிலிருந்து வந்த நிபுணர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு, முந்திரி பிஸ்கட் தட்டுக்கு முன்னால் நீ உட்கார்ந்திருக்கிறாய். இந்தப் பக்கம், ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடி வராந்தாவில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சில் நான், நாகரத்தினம், வயது ஐம்பது, மடியில் ஃபைல். பதினோரு மணி பத்து நிமிஷம். உள்ளே ஒருவர், எனக்கு முன்னால் இன்னும் ஒருவர், அப்புறம் நான். பினாயில் வாசனையும் கேன்டீன் சாம்பார் வாசனையும் ஒன்றாக மாடிப்படி ஏறி வருகின்றன. கூட ஆராய்ச்சி செய்தவர்கள் குழுவில் உட்காரக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் ஐந்து வருஷத்துக்கு மேல் சேர்ந்து எழுதவில்லை என்றால் அந்த உறவு தீர்ந்துபோனதாகவும் அதே விதி சொல்கிறது. தீர்ந்ததாம். கல்யாணத்தை முறிக்கக்கூடக் கோர்ட்டு வாசல் ஏற வேண்டியிருக்கிறது, இதற்கு ஒரு காலண்டர் போதும். படிவத்தில் பதினான்காவது பத்தி: மொத்த ஆய்வுக் கட்டுரைகள் முப்பத்தெட்டு. மொத்த மேற்கோள்கள் ஆயிரத்து நூற்றுநாற்பது. அதாவது உலகத்தில் எங்கெங்கோ ஆயிரத்து நூற்றுநாற்பது கட்டுரைகளில் யாரோ ஒருவர் ‘நாகரத்தினம் சொன்னபடி’ என்று எழுதி அதற்குமேல் தன் சுவரை எழுப்பியிருக்கிறார். அதில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஒரே கட்டுரைக்கு. நம் கட்டுரைக்கு. முதல் பெயர் நான், இரண்டாவது நீ, மூன்றாவது நம் பேராசிரியர், அவர் போய் ஆறு வருஷமாகிறது. அந்த ஒன்றை உருவிவிட்டால் மிச்சம் என்ன என்று நான் கூட்டிக் கழித்துப் பார்க்கவேயில்லை. பொய். எட்டு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தில் புருஷோத்தமன், காசநோய்ப் பிரிவு, செல்போனில் தன் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்றிலிருந்து இரண்டு மேற்கோள் ஏறியிருக்கிறதாம். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கினதைச் சொல்கிற மாதிரி சொன்னார். “உங்களுக்கென்ன மேடம். ஒத்தப் பேப்பரு, யானை மாதிரி நிக்குது. நாங்கதான் கோழிக்குஞ்சு மேச்சுக்கிட்டுக் கெடக்கோம்.” யானைக்குள்ளே வைக்கோல்தான் சார் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். என் வாய் எதையும் விழுங்கிப் பழகியதில்லை. இந்த இடத்துக்கு நான் வந்ததே வாயால்தான். கண்ணாடிக் குழாய் கழுவுகிறவளாகச் சேர்ந்தேன், மாலைக் கல்லூரியில் படித்தேன், பேராசிரியர் முன்னால் நின்று எனக்கு ஒரு மேசை கொடுங்கள் இல்லையென்றால் வேறொருத்தியைக் கழுவப் பாருங்கள் என்று பேசி இடம் வாங்கினேன். பேரம் என் ரத்தத்தில் ஓடுகிறது. அம்மா வியாசர்பாடியிலிருந்து தலையில் எவர்சில்வர் கூடையோடு புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் என்று தெருத்தெருவாகப் போனவள், பழைய துணிக்குப் பாத்திரம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் கூடவே நான். ஒரு தூக்குவாளிக்கு இரண்டு பேன்ட், ஒரு வாயகன்ற பாத்திரத்துக்கு ஒரு பட்டுச் சேலை, வீட்டுக்காரி நாலு சட்டை காட்டுவாள், அம்மா உதட்டைப் பிதுக்குவாள், கூடையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் திரும்ப வைப்பாள். ஒரு நாள் ஒரு வீட்டில் நான் முந்திக்கொண்டு பேசி, ஒரு சின்ன குண்டானுக்கு அரக்குப் பட்டு ஒன்றை வாங்கிவிட்டேன். அந்த அம்மாள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தெருமுனையில் அம்மா அதைப் பிரித்தாள், மடிப்பு மடிப்பாக, மூங்கில் தட்டி மாதிரி, கிழிந்திருந்தது. அடிக்கவில்லை. “கேட்டதும் சரின்னுட்டாங்கன்னா வாங்காதடி. பிரிச்சுப் பாரு. பட்டு மடிப்புலதான் கிழியும்.” எனக்குப் பதினொரு வயசு. நாற்பது வருஷமாகப் போகிறது, ஒவ்வொரு மருந்துக் கம்பெனிக்காரனிடமும் ஒவ்வொரு மிஷின் ஏஜென்டிடமும் அதை வைத்துத்தான் ஜெயித்தேன். உன்னிடம் மட்டும் மறந்துபோனேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், போகிக்கு முந்தின நாள். கேன்டீனில் நீயும் நானும், நடுவில் ஒரு தட்டு மசால்வடை. நான் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன், ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த வாதங்கள்: புற்றுச் செல்லை வளர்த்தது நான், ஞாயிற்றுக்கிழமையும் வந்தது நான், படங்களில் பாதி என்னுடையது, நீ அப்பாவின் காரில் வருகிறவன், உனக்கு இன்னொரு கட்டுரை கிடைக்கும், எனக்கு இது ஒன்றுதான். மூன்றாவது வாதம் முடிவதற்குள் நீ தலையாட்டினாய். “நீயே வச்சுக்கோ ரத்னா. உன் உழைப்புதான்.” அவ்வளவுதான். சண்டைக்குக் கட்டின சேலைத்தலைப்பை அவிழ்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஒரு பேரம் கூட இல்லாமல் ஜெயித்தவளுக்கு எரிச்சல் வர வேண்டாமா, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன், இந்த மாதிரி ஒரு கட்டுரை, முதலில் என் பெயர் வரும். அவள் போகி வாரத்தில் சேர்ந்த துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள், “அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லலியா?” என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன், பெருமையாக. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை. திரும்பக் குனிந்து பட்டன்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. இல்லை, செவ்வாய்க்கிழமைக்கு இப்போது போக வேண்டாம். எட்டு மாதத்துக்கு முன்னால் என்று ஆரம்பிக்கிறேன். புதுக் கட்டுரை ஒன்றை அனுப்பினேன், அதே செல்லை வைத்து. பத்திரிகை இப்போதெல்லாம் சும்மா வாங்குவதில்லை, இந்தச் செல் நீங்கள் சொல்கிற செல்தான் என்பதற்கு மரபணுச் சான்று வை என்றது. என்ன பெரிய சான்று, நானே வளர்த்தது என்று எரிச்சலோடுதான் அனுப்பினேன். நம் செல்லுக்கு நாம் வைத்த பெயர் வாய்-17. புகையிலை அடக்கின ஒரு பெண்ணின் கன்னத்துக்குள்ளிருந்து, நம் ஊர் வாயிலிருந்து, எடுத்து வளர்த்த புற்றுச் செல். சான்று வந்தது. வாய் இல்லை. கன்னம் இல்லை. எழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு பெண்ணின் கருப்பைவாயிலிருந்து எடுத்து, உலகத்து ஆய்வகங்களில் எல்லாம் வேலிக்காத்தான் மாதிரி படர்ந்து கிடக்கிறதே, அந்தச் செல். அதைத்தான் நாம் அடுத்த தட்டில் வேறொரு வேலைக்காக வைத்திருந்தோம். அதில் ஒரு துளி இதில் விழுந்தால் போதும், ஒரு மாதத்தில் இதைத் தின்று தீர்த்துவிட்டு இதன் பெயரோடு உட்கார்ந்துகொள்ளும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சான்றை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் கழித்து, நம் பழைய மாதிரி ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று எதிர்க்கட்டடத்து மரபியல் பிரிவுக்குப் போனேன், பழைய பதிவேட்டைப் புரட்டித் தந்தார்கள். அங்கே இருந்தது, ஊதா மையில். வாய்-17, குரோமோசோம் பரிசோதனை, கொடுத்தவர் உன் பெயர். முடிவு: மாதிரி பொருந்தவில்லை. பெற்றுக்கொண்டவர் உன் கையெழுத்து, வாலை நீட்டி இரண்டு புள்ளி வைக்கிற அதே கையெழுத்து. தேதி, நாம் கேன்டீனில் மசால்வடை தின்றதற்கு இரண்டு நாள் முன்பு. இன்னொன்றும் பார்த்தேன். உன் இணையப் பக்கத்தில் உன் இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகளில் முக்கியமானது என்று பத்து போட்டிருக்கிறாய். அறுநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள் வாங்கினது அதில் இல்லை. நூற்றுநாற்பது வாங்கினது இருக்கிறது. கடையில் இருக்கிற பெரிய சரக்கை எவனாவது பின்னால் ஒளித்து வைப்பானா? சொத்தை என்று தெரிந்தவன் வைப்பான்.

பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்து இந்த ஃபைலின் கடைசியில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று உனக்கே புரியும். குழுப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வயிறு குளிர்ந்தது, உண்மையைச் சொல்கிறேன், குளிர்ந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, எல்லோரும் கேள்வி கேட்டு முடித்ததும், ஒரு தாளை உன் பக்கம் நகர்த்தினால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். நீ பார்ப்பாய், தண்ணீர் குடிப்பாய், இவரை எனக்கு நன்றாகத் தெரியும், இவருடைய பங்களிப்பு என்று ஆரம்பிப்பாய். இன்றைக்கு விட்டால் எனக்கு இன்னொரு நேர்காணல் கிடையாது, வயது தாண்டிவிடும்; கழுவுகிற தொட்டியிலிருந்து பிரிவுத் தலைவர் நாற்காலி வரைக்கும் நான் நடந்ததெல்லாம் இந்த வராந்தாவிலேயே நின்றுபோகும். உன் வாயை நான் மூடுகிறேன், என் வாயை நீ மூடு. சுத்தமான பேரம், இரண்டு பேருக்கும் லாபம். இப்படி நினைத்துத்தான் காலையில் இந்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். புருஷோத்தமனைக் கூப்பிடுகிறார்கள். உள்ளிருந்து வந்தவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போகிறார். கதவு திறந்த ஒரு கணத்தில் உன் கை தெரிந்தது, பிஸ்கட்டை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தது. கதவு மூடிவிட்டது.

ஜெனிட்டாவை உனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டாமா, அறுநூற்றுப் பன்னிரண்டில் அவள் இல்லையே. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி, முனைவர் பட்டத்துக்கு நம் கட்டுரையை அடியாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தவள். நம்மிடமிருந்து செல் வாங்கிப் போகாமல், அங்கேயே ஆஸ்பத்திரியிலிருந்து நிஜமான வாய்ப்புற்றுச் செல்லை எடுத்து வளர்த்தாள், புத்திசாலி. வாய்ப்புற்றைக் கொல்லும் என்று நாம் கட்டுரையில் சொன்ன மருந்துக்கு நாம் சொன்ன மாதிரி அது சாகவில்லை. எனக்கு எழுதினாள். மேடம், உங்கள் முடிவு எங்களுக்கு வரவில்லை, நாங்கள் எங்கே தவறு செய்கிறோம் என்று சொல்ல முடியுமா. மூன்று வருஷத்தில் ஒன்பது கடிதம். முதல் இரண்டுக்கு மரியாதையாகப் பதில் போட்டேன். அப்புறம் ஒரு தடவை போனில் பேசினாள், தயங்கித் தயங்கி, ஒருவேளை உங்கள் செல்லில் ஏதாவது என்று அவள் ஆரம்பிக்கும்போதே எனக்குச் சுர்ரென்று ஏறியது. செல் வளர்க்கக் கை வேணும்மா, எல்லாருக்கும் அது வராது, வேற வேலை பாரு என்றேன். “சரி மேடம்,” என்றாள். மறுத்துப் பேசவில்லை. உடனே சரி என்றாள், நானும் அதை ஜெயிப்பு என்று எடுத்துக்கொண்டேன், பார், அன்றைக்கும் பிரித்துப் பார்க்கவில்லை. சான்று வந்த மறுநாள் அவள் கல்லூரிக்குப் போன் செய்தேன். விட்டுவிட்டாளாம், பட்டம் முடிக்கவில்லை, இப்போது பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருக்கிறாளாம். அவள் கைதான் சரியான கை. உலகத்திலேயே நம் கட்டுரையைச் சரியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான், அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, தப்பாகப் படித்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் என் படிவத்தில் வரிசையாக நிற்கிறார்கள்.

பங்களிப்பு. அந்த வார்த்தைக்கு ஒரு தனிப் பத்தி இருக்கிறது படிவத்தில், துறையில் உங்கள் ஆய்வின் தாக்கம், இருநூறு வார்த்தைக்குள். தாக்கம் என்றால் அடி என்றும் எழுதலாம் இல்லையா. வாய்-17 யாரிடமிருந்து எடுத்தோமோ அந்தப் பதினேழாம் நம்பர் நோயாளியின் பெயரை எழுதக்கூடாது, அதனால் அவள் பெயர் எங்கும் கிடையாது, எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். கட்டட வேலைக்காரி, கன்னத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் குடித்தால் வழியும். ஒப்புதல் தாளில் கைநாட்டு வாங்கப் போனது நான், நீ இல்லை. பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டே கேட்டாள், துணியால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு. “நான் போனாலும் இது உசுரோட இருக்குமா?” இருக்கும் என்றேன். உலகம் பூரா போகும் என்றேன். அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன், துணிக்குள் தெரியவில்லை. இரண்டாவது வாரம் போய்விட்டாள். அவளுடைய செல்லும் போய்விட்டது, அதே தட்டில், நம் கண்ணெதிரே, நாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே. இரண்டாவது தடவை செத்தாள். உலகம் பூரா போனது அவள் பெயரில் வேறொருத்தி. அந்தச் செவ்வாய்க்கிழமை. சரி. வந்தாயிற்று, இனி சுற்றிப் போக வழி இல்லை. செல்லுக்கு ஊற்றுகிற திரவம், ரோஸ்மில்க் நிறத்தில் இருக்குமே, ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில் என்பது சட்டம், ஒரே கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு செல்லை ஒரே நேரத்தில் எடுக்கவும் கூடாது. அன்றைக்கு ஒரே பாட்டில்தான் இருந்தது. ஏன் ஒன்றுதான் இருந்தது? நான் கம்பெனிக்காரனோடு விலைக்கு மூன்று வாரம் இழுத்துக்கொண்டிருந்தேன், அவன் இறங்கி வரட்டும் என்று ஆர்டரை நிறுத்தி வைத்திருந்தேன், கடைசியில் இறங்கி வந்தான், நான் பேராசிரியரிடம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். அதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. கூண்டில் எனக்குக் கொடுத்த நேரம் ஒரு மணியோடு முடிகிறது, வெளியே அடுத்தவன் கண்ணாடியைத் தட்டுகிறான், நான் அந்த ஒரே பாட்டிலிலிருந்து முதலில் அந்த அமெரிக்கச் செல்லுக்கு ஊற்றினேன், அப்புறம் வாய்-17க்கு. நடுவில், உறிஞ்சி ஊற்றுகிற குழாயை மாற்றினேனா? மாற்றியிருப்பேன். மாற்றினேன் என்றுதான் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது, ஒவ்வொரு தடவையும், பாட்டிலுக்கு மேலே, அதற்குப் பிறகு படம் இல்லை. உன்மேல் பழி போடத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன், நீதான் கலந்திருப்பாய் என்று. நீ அந்த வாரம் ஊரிலேயே இல்லை. உன் சித்தப்பா பெண் கல்யாணம். தாம்பூலப் பை கொண்டுவந்து கொடுத்தாய்.

ஆக, கலந்தவள் நான். மறைத்தவன் நீ. நான் கலந்தது தெரியாமல் செய்தது, நீ மறைத்தது தெரிந்து செய்தது என்று தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன், முள் எட்டு மாதத்துக்கு முன்னால் வரை உன் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சான்றை மேசைக்குள் பூட்டின நாளிலிருந்து என் பக்கமும் சாய்ந்துவிட்டது. நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், தட்டை வீசியிருப்பேன், நீதான் கலந்தாய் என்று ஊரைக் கூட்டியிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லாமல் விட்டாயோ? இவள் கோபத்துக்கு யார் நிற்பது, பெயரைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம் என்று? இதையும் இன்றைக்குத்தான் நினைக்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம், தட்டச்சு செய்து எட்டு மாதமாகிறது, பதிவேட்டு நகலுக்குக் கீழே இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஆசிரியர்கள் எல்லோரும் ஒப்பமிட வேண்டும் என்று கேட்பார்கள். கீழே இரண்டு கோடு, இரண்டும் காலி. நான் தனியாக அனுப்பலாம். அனுப்பினால் ஓர் ஆசிரியர் உடன்படவில்லை என்று ஒரு குறிப்பு போடுவார்கள், உலகம் அதைப் படித்துவிட்டு யாரோ இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று நகர்ந்துவிடும், மேற்கோள் அறுநூற்றுப் பதிமூன்றாகும். கதவு திறக்கிறது. புருஷோத்தமன் முகம் வெளுத்து வருகிறார், கைபேசி அவர் கையில் தலைகீழாக இருக்கிறது. ஃபைல் தூக்குகிற செங்கேணி எட்டிப் பார்த்து, ரெண்டு நிமிஷம் மேடம், டீ போயிட்டிருக்குது உள்ள, கூப்பிடுவாங்க என்கிறார்.

இரண்டு நிமிஷம். பதிவேட்டு நகலை எடுத்தேன். நாலாக மடித்தேன். கைப்பைக்குள் வைத்துவிட்டேன், அது உன்னை மிரட்ட அல்ல, நீ இல்லையென்று சொன்னால் எடுக்க. கடிதத்தை ஃபைலின் மேலே வைத்து, பெஞ்சின் ஆடுகிற காலைச் செருப்பால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர். ‘நா’வின் கால் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, போகட்டும். பிரிவுத் தலைவர் நாற்காலி அதோடு போயிற்று. சமாதானம் வந்தது என்று சொல்ல மாட்டேன், வரவில்லை. வாய் கசக்கிறது. இதோ செங்கேணி கையைக் காட்டுகிறார். எழுந்திருக்கிறேன். உள்ளே வந்து வணக்கம் சொல்வேன், சார் என்றுதான் கூப்பிடுவேன், நாலு பேர் முன்னால் உன்னை நீ என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பதினான்காவது பத்தியைப் படிப்பார்கள், அறுநூற்றுப் பன்னிரண்டா என்று ஒருவர் புருவத்தைத் தூக்குவார். அப்போது இந்தக் கடிதத்தை உன் முன்னால் வைப்பேன். இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிக்காதே. எனக்கு எதையும் விட்டுக்கொடுக்காதே. கட்டடத்துப் பெண்ணுக்கு நான் சொன்ன பொய்யில் உனக்குப் பாதி, ஜெனிட்டாவின் ஒன்பது கடிதத்தில் உனக்குப் பாதி, மடிப்பை நீயே உன் கையால் பிரி, எங்கே கிழிந்திருக்கிறது என்று உன் வாயால் அவர்களுக்குச் சொல். முதல் பெயர் என்னுடையது, முதல் கையெழுத்தும் போட்டாயிற்று. இரண்டாவது கோடு, நீ தெரிந்துகொண்ட நாளிலிருந்து, பதினைந்து வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. பேனாவைத் திறந்தே கொண்டுவருகிறேன். போடு.